வஞ்சம் முதலிய சொற்களின் வரலாறு



நம் சங்கத்தின் சார்பில் ஞாயிறுதோறும் நடைபெறும் தமிழ் வகுப்பில் சிறுவர்க்கு எழுத்தும் சொல்லும் கற்பிக்கும் பேறு சில ஆண்டுகளாக எனக்கு வாய்த்திருக்கிறது. நான் புலவன் அல்லேன்; பள்ளியிறுதி வகுப்போடு படிப்பை நிறுத்தி, இரயில்வேயில் எழுத்தர் பணிக்கு வந்தவன். எனினும், ஊரைவிட்டு ஆயிரம் கல் தொலைவில் வளரும் குழந்தைகட்கு அறிந்ததைச் சொல்லிக் கொடுப்பது கடமை என்று எண்ணி அவ்வேலையை ஏற்றேன்.

சென்ற ஆண்டு ஒருநாள், வகுப்பில் ஒரு சிறுவன், “மாமா, இங்கே பள்ளியில் ‘தோக்கா’ என்கிறார்களே, அதற்குத் தமிழில் என்ன?” என்று கேட்டான். “ஏமாற்று” என்றேன். அவன் விடவில்லை. “அப்படியானால் வஞ்சம் என்பது என்ன? சூது என்பது என்ன? கபடம் என்பது என்ன? எல்லாம் ஒன்றுதானா?” என்று அடுக்கினான். அடுத்த வாரம் சொல்வதாகக் கூறி அவனை அனுப்பிவிட்டு, நம் சங்க நூலகத்தில் உள்ள பேரகராதியை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஒரு வாரத்தில் முடியும் என்று எண்ணிய வேலை ஓராண்டாகியும் முடியவில்லை. அவ்வாறு தேடியவற்றுள் சிலவற்றை இம்மலர் வாயிலாக உங்கள் முன் வைக்கின்றேன். பிழையிருப்பின் அறிந்தோர் பொறுத்தருள்க.

கள்ளமும் களவும்

முதலில் நம் மொழிக்கே உரிய பழஞ்சொல்லிலிருந்து தொடங்குவோம். ‘கள்’ என்னும் அடியிலிருந்து களவு, கள்வன், கள்ளம் என்னும் சொற்கள் பிறந்தன. பிறர் அறியாதவாறு மறைத்துச் செய்வது என்பதே இவற்றின் உட்பொருள். பிறர் பொருளை மறைவாக எடுப்பது களவு. உள்ளத்தில் ஒன்றை மறைத்து வைப்பது கள்ளம். ‘கள்ளமில்லாப் பிள்ளை’ என்று இன்றும் நம் வீடுகளில் வழங்குகிறோம் அன்றோ? கள்ள நோட்டு, கள்ளச் சாவி, கள்ளக் கணக்கு என்பவற்றிலும் அச்சொல்லே முன்னிற்கிறது.

ஆனால் இதே களவு என்னும் சொல்லைத்தான் நம் முன்னோர் தலைவனும் தலைவியும் பிறர் அறியாது கொள்ளும் அன்பிற்கும் இட்டு வழங்கினர். தொல்காப்பியத்தில் களவியல் என்று ஓர் இயலே உண்டு. திருடுவதற்கும் காதலிப்பதற்கும் ஒரே பெயரா என்று நாம் வியக்கலாம். நமக்கு முன்னரே இவ்வையம் உரையாசிரியர்க்கும் எழுந்திருக்கிறது. இறையனார் அகப்பொருளுக்கு, நக்கீரர் வழியாக வந்ததாகக் கூறப்படும் உரையில் அதற்கு ஒரு விடை காணப்படுகிறது. அதன் சாரத்தை என் சொற்களில் கூறுகிறேன்.

ஒரு பெண் தன் சுற்றத்தாரோடு மாறுபட்டு, நஞ்சுண்டு உயிர்விடத் துணிந்து, நஞ்சைக் கூட்டி வைத்துவிட்டு, ஆள் இல்லாத நேரத்தை நோக்கியிருந்தாள். அருளுடையான் ஒருவன் அதைக் கண்டான். அவள் அறியாமல் அந்நஞ்சை எடுத்துச்சென்று கொட்டிவிட்டான். பின்னர் வந்து பார்த்தவள் நஞ்சைக் காணாமையால் உயிர் பிழைத்தாள். அவன் செய்தது களவே. பிறர் பொருளை அவர் அறியாமல் எடுத்தான். ஆயினும் அதனைத் தீது என்பார் யார்? ஆகவே களவு என்னும் பெயர் கொண்ட அனைத்தும் தீயதன்று என்பது அவ்வுரையாசிரியர் துணிபு.

இச்சிறு கதை என் மனத்தில் ஆழப் பதிந்துவிட்டது. செயல் ஒன்றே; பெயரும் ஒன்றே; நன்மையும் தீமையும் பிரிவது செய்தவன் உள்ளத்திலே. வள்ளுவரும் வாய்மை என்னும் அதிகாரத்தில், குற்றமற்ற நன்மையைத் தருமாயின் பொய்யும் வாய்மையின் இடத்தில் வைக்கத்தக்கது என்று கூறியிருப்பதை நாம் அறிவோம்.

அன்பின் பெயரான அக்களவிலும் வஞ்சம் புகாமல் இல்லை. பெண்ணின் நலத்தைக் கவர்ந்துவிட்டுப் பின்னர் அவளை அறியேன் என்று பொய்ச்சூள் உரைத்த ஒருவனைப் பற்றி அகநானூற்றின் 256ஆம் பாட்டு கூறுகிறது. கள்ளூர் என்னும் ஊரில், அவையத்தார் சாட்சிகளை வினவி உண்மையறிந்து, அவனை மரக்கிளையில் இறுகக் கட்டித் தலையில் நீற்றைப் பெய்தனராம். பொய்யும் குற்றமும் உலகில் தோன்றிய பின்னரே பெரியோர் திருமணச் சடங்குகளை வகுத்தனர் என்று தொல்காப்பியம் கற்பியலில் கூறுவதன் பொருள், இந்நிகழ்ச்சியைப் படித்தால் நன்கு விளங்கும். நாம் பலர் அறிய, சுற்றத்தார் சான்றாக மணம் முடிப்பதன் வேர், ஒரு காலத்தில் ஏமாந்த பெண்ணின் கண்ணீரில் இருக்கிறது.

வஞ்சமும் வஞ்சியும்

அடுத்து வஞ்சம். வஞ்சனை, வஞ்சகம், வஞ்சித்தல் என்பன இதன் இனம். வளைந்து செல்லுதல், கோணலாக நடத்தல் என்று பொருள்படும் வடமொழி அடியோடு தொடர்புடையது இச்சொல். நேரே செல்வதுபோல் தோன்றி வளைந்து செல்வது என்று கருதினால் ஏமாற்றும் செயலுக்கு எத்துணைப் பொருத்தமான பெயர்!

தமிழில் வஞ்சம் என்பது வெறும் பொய்யன்று. அது நெஞ்சில் நெடுநாள் தங்குவது. ‘வஞ்சம் வைத்தான்’, ‘வஞ்சம் தீர்த்தான்’ என்கிறோம். ‘பொய் வைத்தான்’ என்பதில்லை. பொய் நாவில் பிறந்து நாவிலேயே முடியலாம். வஞ்சத்திற்கு இருப்பிடம் நெஞ்சு.

இவ்விடத்தில் நம் குழந்தைகள் மயங்காமல் காக்க வேண்டிய ஒன்றுண்டு. சிலப்பதிகாரத்தின் மூன்றாம் காண்டம் வஞ்சிக் காண்டம். அதைக் கண்ட ஒரு மாணவி, “அதில்தான் எல்லாரும் வஞ்சிக்கப்படுகிறார்களா?” என்று என்னிடம் கேட்டாள். அங்கே வஞ்சி என்பது சேரர் தலைநகர். புறத்திணையில் வஞ்சி என்பது மண்ணாசையால் பகைவர் நாட்டின்மேல் படையெடுத்தல். கொடிக்கும், கொடிபோன்ற பெண்ணுக்கும் வஞ்சி என்ற பெயர் உண்டு. இன்னும், வஞ்சினம் என்பது சபதம். தலையாலங்கானத்துச் செருவென்ற பாண்டியன் நெடுஞ்செழியன் பகைவரை வெல்லேனாயின் இன்னின்ன பழி எனக்கு வருக என்று கூறிய வஞ்சினம் புறநானூற்றின் 72ஆம் பாட்டாக நமக்குக் கிடைத்திருக்கிறது. ஒலியால் அண்டை வீட்டுச் சொற்கள். பொருளால் வேறு வேறு குடும்பங்கள்.

வஞ்சம் ஓர் அணியாகவும் நம் இலக்கணத்தில் அமர்ந்திருக்கிறது. புகழ்வதுபோல் பழித்தலும் பழிப்பதுபோல் புகழ்தலும் வஞ்சப்புகழ்ச்சி எனப்படும். அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது சென்ற ஔவையார், தொண்டைமானின் படைக்கலங்கள் நெய் பூசி மாலை சூட்டிப் புதியனவாய் ஒளிர்வதையும், அதியமானின் வேல்களோ போரில் நுனி சிதைந்து கொல்லன் உலையில் கிடப்பதையும் எடுத்துக் கூறியதை நினைவுகூர்க. தொண்டைமானைப் புகழ்வதுபோல் அவன் போர் அறியாதவன் என்பதைக் காட்டினார். இங்கும் நாம் முன்னர்க் கண்ட உண்மையே விளங்குகிறது. சொல்லில் வளைவிருந்தது, உள்ளத்தில் வளைவில்லை.

இதற்கு மறுதலையான நிலைக்குப் பெரியபுராணத்தில் சான்று காண்கிறோம். சேக்கிழார் பாடும் மெய்ப்பொருள் நாயனார் வரலாற்றில், முத்தநாதன் என்னும் பகையரசன் போரில் வெல்ல மாட்டாமல், திருநீறு பூசிச் சடைமுடி தாங்கி அடியவர் வேடத்தில் வருகிறான். கையில் ஆகம நூல் இருப்பதுபோல் ஒரு சுவடிக் கட்டு, அதனுள்ளே ஆயுதம். மறைத்தலைக் குறிக்கும் ‘கரத்தல்’ என்னும் வினையிலிருந்து வந்த ‘கரவு’ என்னும் சொல்லுக்கு இதனினும் தெளிவான படம் வேறில்லை. வேடத்தில் ஒரு வளைவும் இல்லை. உள்ளம் முழுவதும் வளைவு.

வள்ளுவர் கூடாவொழுக்கம் என்னும் அதிகாரத்தில் காட்டும் உவமைகள் இதையே பேசுகின்றன. புலித்தோலைப் போர்த்துக்கொண்டு பயிரை மேயும் பசு. புதரில் மறைந்து பறவை பிடிக்கும் வேடன். ஒருபுறம் சிவந்து மூக்கில் கறுத்திருக்கும் குன்றிமணி. முடிவில் அம்பையும் யாழையும் காட்டுகிறார். அம்பு நேரானது, ஆயினும் கொல்வது. யாழின் கொம்பு வளைந்தது, ஆயினும் இசை தருவது. உருவத்தைக் கண்டு தீர்ப்பளிக்காதே, செயலைக் கண்டு கொள் என்பது அவர் அறிவுரை.

சலம், கபடம், சூது, மோசம்

நம் வடநாட்டு அண்டை வீட்டார் ‘சல்–கபட்’ என்று இரு சொற்களைச் சேர்த்துச் சொல்வதை நாள்தோறும் கேட்கிறோம். அது இந்திக்கே உரியது என்று எண்ணற்க. நீரைக் குறிக்கும் சலம் வேறு. வஞ்சனையைக் குறிக்கும் சலம் வேறு. இரண்டாவதை வள்ளுவரே வினைத்தூய்மை அதிகாரத்தில் ஆண்டிருக்கிறார். சலத்தால் பொருள் சேர்த்துக் காப்பது, சுடாத பச்சை மண்பானையில் நீரை ஊற்றிக் காப்பது போன்றது என்பது அவர் கருத்து. நீரும் போகும், பானையும் கரையும். அவ்வாறே கபடமும் நம்மிடையே பழகிய சொல். முகத்தில் ஒன்று, அகத்தில் ஒன்று என்னும் நிலைக்கு அது பெயர். ஆகவே அண்டை வீட்டாரின் அச்சொற்களைக் கேட்கும்போது நம் குழந்தைகள், இவை நம் வீட்டுப் பெட்டியிலும் இருப்பவையே என்று உணர்தல் நலம்.

சூது என்பது முதலில் கவறாட்டத்தின் பெயர். திருக்குறளில் அதற்கென்று ஓர் அதிகாரமே இருக்கிறது. பாரதக் கதையில் சகுனியின் ஆட்டம் நாட்டையும் மனைவியையும் இழக்கச் செய்தமையால், ஆட்டத்தின் பெயரே திட்டமிட்ட வஞ்சகத்தின் பெயருமாயிற்று. ‘சூதுவாது அறியாதவன்’ என்று ஒருவரைப் புகழ்கிறோம். வஞ்சம் நெஞ்சில் கிடப்பது. சூது காய் நகர்த்திக் காத்திருப்பது. இதுவே அவற்றிடையே உள்ள வேற்றுமை.

மோசம் என்னும் சொல்லின் வரலாறு விந்தையானது. திருட்டைக் குறிக்கும் வடசொல்லோடு இது தொடர்புடையது என்பர். ‘மோசம் போனேன்’ என்றால் ஏமாந்து போனேன் என்று பொருள். இன்றோ, மோசமான சாலை, மோசமான சாப்பாடு என்று எதற்கும் அதனை ஏவுகிறோம். கூரிய கத்தியைக் கொண்டு எல்லாவற்றையும் வெட்டினால் அது மழுங்குவது இயல்புதானே! மோசம் மழுங்கிய பின்னர், மோசடி என்னும் சொல் அதன் இடத்தில் நின்று, செய்தித்தாளிலும் நீதிமன்றத்திலும் கடமையாற்றி வருகிறது. பிறரை நம்பவைத்துப் பொருளைப் பறிப்பதே மோசடி.

பொதுமக்கள் நாவில் வழங்கும் தொடர்களையும் தள்ளிவிட முடியாது. கடன் வாங்கித் திருப்பித் தராதவன் நாமம் போட்டான். நம்பத்தகாததை நம்பவைத்தவன் காதில் பூச்சுற்றினான். ஒருவருடைய நல்லெண்ணத்தையே கருவியாக்கி அவரைச் சுரண்டியவன் தலையில் மிளகாய் அரைத்தான். பிடிகொடாமல் நழுவியவன் டிமிக்கி கொடுத்தான். சொல்லாமல் ஓடியவன் கம்பி நீட்டினான். தில்லுமுல்லு, பித்தலாட்டம், தகிடுதத்தம் என்னும் சொற்களின் ஓசையிலேயே ஒரு குட்டிக்கரணம் கேட்கவில்லையா? துன்பத்தையும் நகைச்சுவையால் ஆற்றிக்கொள்ளும் மக்களின் அறிவு இத்தொடர்களில் விளங்குகிறது.

ஐந்து விரலும் விரித்த கை

சொற்களைப் பார்த்தோம். வஞ்சம் நிகழாமல் தடுக்க நம் முன்னோர் செய்த ஏற்பாடு ஒன்றையும் பார்ப்போம். உத்திரமேரூர்க் கல்வெட்டு எனக்குப் பெரிதும் உவப்பானது. கணக்கு எழுதிப் பிழைப்பவன் அல்லவா நான்!

முதற் பராந்தக சோழன் காலத்தில், 919, 921ஆம் ஆண்டுகளில், அவ்வூர்ச் சபையார் வாரியங்களுக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் முறையை வகுத்துக் கல்லில் பொறித்தனர். ஊர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. நிலமும் கல்வியும் உடைய ஆடவர்க்கே அங்கே இடமிருந்தது என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஆயினும் அவர்கள் செய்த காப்புகளை நோக்குங்கள். முன்னர் வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் பெயர் குடத்தில் புகக்கூடாது. அவருடைய நெருங்கிய உறவினர் பெயரும் புகக்கூடாது. பெயர் எழுதிய ஓலைகளை இட்ட குடத்தை முதியவர் ஒருவர் எல்லாரும் காண உயர்த்திக் காட்ட வேண்டும். உள்ளிருப்பது இன்னதென்று அறியாத ஒரு சிறுவனே ஓலையை எடுக்க வேண்டும். அதை வாங்கும் மத்தியஸ்தன் ஐந்து விரல்களையும் விரித்து உள்ளங்கையில் ஏற்க வேண்டும். அவன் படித்த பின்னர் அங்குள்ள நம்பிமார் அனைவரும் அவ்வோலையைப் படிக்க வேண்டும்.

விரல்களுக்கிடையே வேறோர் ஓலையை மறைத்து வைக்கும் வித்தை அன்றும் இருந்திருக்க வேண்டும். இல்லையேல் விரித்த விரல்களை ஏன் கல்லில் எழுத வேண்டும்? இதில் நான் வியப்பது யாதெனில், அவர்கள் யாரையும் கள்வன் என்று பெயரிட்டு இகழவில்லை. கையை விரித்துக் காட்டு என்று அனைவர்க்கும் ஒரே விதியை வகுத்தனர். நேர்மையானவனுக்கு அதனால் இழுக்கில்லை. நேர்மையற்றவனுக்கு அதனால் வழியில்லை. கணக்கு என்பது பிறரைக் குற்றவாளியாக்குவதற்கன்று. குற்றம் நிகழாமல் காப்பதற்கும், நிகழாத குற்றத்தினின்று மனிதரைக் காப்பதற்கும் ஆகும்.

சட்டத்தின் நோக்கு

இனி, நம் காலத்துக்கு வருவோம். ‘சார் சௌ பீஸ்’ என்றால் இந்நாட்டில் எல்லார்க்கும் விளங்கும். 420 என்னும் எண், ஏமாற்றுக்காரனுக்கே பெயராகிவிட்டது. 1955இல் இராஜ் கபூர் நடித்து வெளிவந்த ‘ஸ்ரீ 420’ என்னும் திரைப்படத்தின் தலைப்பும் அவ்வெண்ணைத் தாங்கியதே. மெக்காலே தலைமையிலான சட்டக் குழு 1837இல் வரைவு செய்து, 1860இல் இயற்றப்பட்டு, 1862 சனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 420ஆம் பிரிவே அது. 2024 சூலை 1 முதல் பாரதீய நியாய சன்ஹிதா அதன் இடத்தைப் பெற்றுவிட்டது. ஏமாற்றுக் குற்றம் இப்போது அதன் 318ஆம் பிரிவில் அடங்குகிறது. ஆயினும் மக்கள் நாவினின்று 420 இறங்கவில்லை. சட்டத்தைத் திருத்துவது எளிது. வழக்குச் சொல்லைத் திருத்துவது அரிது.

அப்பழைய சட்டத்தின் 415ஆம் பிரிவில் ஏமாற்றுதல் என்பதற்கு இலக்கணமும் எடுத்துக்காட்டுகளும் தரப்பட்டிருந்தன. அவற்றுள் ஒன்று அவுரிச் செடியைப் பற்றியது. ஒருவன் அவுரி தருவதாகக் கூறி முன்பணம் பெறுகிறான். பணம் பெறும்போதே தருகின்ற எண்ணம் அவனுக்கு இல்லையாயின் அவன் ஏமாற்றியவன் ஆவான். பெறும்போது தரும் எண்ணம் இருந்து, பின்னர்ச் சொல் தவறினானாயின், அவன் ஒப்பந்தத்தை மீறியவனே அன்றி ஏமாற்றியவன் ஆகான். அவன்மேல் உரிமையியல் வழக்குத்தான் தொடரலாம். பணம் பெற்றவன் செயல் இரண்டிலும் ஒன்றே. பொருள் வந்து சேராததும் ஒன்றே. வேற்றுமை உள்ளத்தில்!

நம் இரயில்வேயிலும் இதே நிலையைக் காணலாம். 1989ஆம் ஆண்டின் இரயில்வே சட்டத்தில், இரயில்வேயை ஏமாற்றும் எண்ணத்தோடு சீட்டின்றிப் பயணம் செய்வது 137ஆம் பிரிவில் குற்றம். அவ்வெண்ணம் இன்றி உரிய சீட்டில்லாமல் வந்தவர் 138ஆம் பிரிவின்படி கட்டணமும் மிகைக் கட்டணமும் செலுத்த வேண்டியவர். அதற்கு முந்திய 1890ஆம் ஆண்டுச் சட்டத்திலும் இவ்வாறே இரு பிரிவுகள் இருந்தன. வண்டி புறப்படும் அவசரத்தில் தவறான சீட்டோடு ஏறிய கிழவியையும், ஆறு மாதமாகப் பொய் அட்டை காட்டிப் பயணம் செய்தவனையும் சட்டம் ஒரே சொல்லால் அழைப்பதில்லை. நஞ்சைத் திருடிய அருளாளன் கதையைச் சொன்ன உரையாசிரியரும், அவுரியைக் காட்டிய சட்டக் குழுவினரும் ஒருவரையொருவர் அறியாமலே ஒரே இடத்தில் வந்து நிற்கின்றனர்.

ஏமாறுதல்

இறுதியாக, வகுப்பில் நான் முதலில் சொன்ன விடைக்கே திரும்புகிறேன். ஏமாறு, ஏமாற்று என்பவை மாறு, மாற்று என்பவை போன்ற இணை. வஞ்சித்தல் என்பதில் செய்பவன் ஒருவன், படுபவன் மற்றொருவன். படுபவன் ‘வஞ்சிக்கப்பட்டேன்’ என்கிறான். ஆனால் ‘நான் ஏமாந்தேன்’ என்னும்போது எழுவாய் யார்? ஏமாந்தவனே! பிறர் ஏமாற்றாமலும் ஒருவன் ஏமாறலாம். தன் அவசரத்தாலும், தன் கணிப்பின் பிழையாலும் ஏமாறலாம். எதிர்பார்த்தது கிடைக்காத நிலையையும் ஏமாற்றம் என்றுதானே சொல்கிறோம்?

சிலப்பதிகாரத்துப் பாண்டியன் நெடுஞ்செழியன் யாரையும் வஞ்சித்தவனல்லன். அரசியின் சிலம்பைக் களவாடியவன் பொற்கொல்லன். அக்களவை மறைக்கக் கோவலனைக் காட்டிக் கொடுத்தவனும் அவனே. அரசன் ஆராயாமல் நம்பினான்; ஏமாந்தான். ஆயினும் கண்ணகி தன் சிலம்பை உடைத்து, உள்ளிருந்து முத்துக்கு மாறாக மாணிக்கம் தெறித்தபோது, அவன் பொற்கொல்லன்மேல் பழியைப் போட்டுத் தப்பவில்லை. கள்வன் என்னும் பெயரைத் தானே ஏற்று உயிர் துறந்தான். பிறனுக்கு அவன் ஆராயாது சூட்டிய பெயர் அவனிடமே திரும்பி வந்தது.

இதனை எழுதும்போது என் கை சற்று நடுங்குகிறது. காரணத்தையும் சொல்லிவிடுகிறேன்.

பத்தாண்டுகளுக்கு முன் நம் காலனியின் ஒரு வரிசையில் உள்ள 24 குடும்பங்கள் சேர்ந்து பொங்கல் விழா நடத்தினோம். வீட்டிற்கு 200 ரூபாய். வீடு வீடாகச் சென்று வாங்கிப் பட்டியல் எழுதியவன் நான். பட்டியலையும் பணத்தையும் பெற்றுக் கணக்கேட்டில் எழுதியவர் ஒரு பெரியவர், நெல்லைப் பக்கத்தவர், அண்ணாச்சி என்றே அனைவரும் அழைப்போம். விழா முடிந்து கணக்குப் பார்த்தபோது, ஏட்டில் உள்ள வரவுக்கு 1,000 ரூபாய் குறைந்தது. அவர் இரண்டு மூன்று முறை கூட்டிப் பார்த்தார், விளங்கவில்லை. எனக்கு அப்போது வயது முப்பத்து நான்கு. கணக்கில் வல்லவன் என்னும் செருக்கும் இருந்தது. “இது பிழையன்று, மோசடி” என்று அத்தனை பேர் நடுவில் சொன்னேன். அவர் என்னைச் சிறிது நேரம் பார்த்தார். “இருக்கட்டும் தம்பி, கணக்கு நேராகட்டும்” என்று கூறி வீட்டிற்குள் சென்று 1,000 ரூபாயைக் கொணர்ந்து வைத்தார். அதன்பின் காலனிக் கூட்டம் எதற்கும் அவர் வரவில்லை. நான்கு மாதத்தில் ஓய்வு பெற்று ஊருக்குப் போய்விட்டார். வழியனுப்பச் சென்றவர் சிலரே, நான் செல்லவில்லை.

இரண்டாண்டுகள் கழித்துக் குவார்ட்டர்ஸ் மாற்றும்போது, பழைய பெட்டியில் என் குறிப்பேடு அகப்பட்டது. ஒரு ஞாயிறு மாலை பணம் தந்த ஐந்து வீடுகளை, அன்றைய பட்டியலிலும் எழுதி, மறுநாள் பட்டியலிலும் மீண்டும் எழுதியிருந்தேன். என் கையெழுத்து! ஐந்து வீடு, 200 ரூபாய் வீதம் 1,000. அண்ணாச்சி என் பட்டியலை நம்பி இரண்டின் கூட்டுத்தொகையையும் ஏட்டில் ஏற்றியிருக்கிறார். வராத பணத்தை வந்ததாக எழுதியவன் நான். அதற்கு ஈடு கட்டியவர் அவர். அவர் செய்தது மோசடியன்று. நான் செய்ததும் மோசடியன்று, பிழை. ஆனால் பிழைக்கு நான் இட்ட பெயரோ மோசடி.

அவர் முகவரியை விசாரித்துக் கடிதம் எழுதினேன், பணத்தையும் அனுப்பினேன். அவரிடமிருந்து மறுமொழி வந்தது. காலனிக் குழந்தைகள் நலமா, யார் யாருக்குத் திருமணமாயிற்று என்றெல்லாம் கேட்டிருந்தார். பணத்தைப் பற்றிக் கடைசியில் ஒரே வரி: அதைத் தாம் வைத்துக்கொள்ள விருப்பமில்லை, பிள்ளைகளுக்கு உதவும்படி சங்க நூலகத்திற்கு ஒரு நல்ல அகராதி வாங்குக என்று எழுதித் திருப்பி அனுப்பியிருந்தார். மேற்கொண்டு வேண்டியதைச் சேர்த்து வாங்கினோம். இக்கட்டுரைக்காக நான் ஓராண்டாகப் புரட்டிய அகராதி அதுவே. வஞ்சம் என்னும் சொல்லுக்குப் பொருள் தேடி அதனைத் திறந்தபோதெல்லாம் அவர் முகம் என் முன் வந்தது. அன்று கூட்டத்தில் வாய்திறந்து சொன்ன சொல்லை, இதுவரை நான் எந்தக் கூட்டத்திலும் வாய்திறந்து மீட்கவில்லை. அன்று அங்கிருந்த குடும்பங்கள் பலவும் இம்மலரைப் படிக்கும் என்பதனால், இங்கே மீட்டுக்கொள்கிறேன். அண்ணாச்சி குற்றமற்றவர்.

அன்பர்களே! ஏமாற்றைக் குறிக்க நம் மொழியில் இத்தனை சொற்கள் இருப்பது நம் இனம் வஞ்சகத்தில் வல்லது என்பதனாலன்று. கள்ளம் வேறு, கரவு வேறு, வஞ்சம் வேறு, சூது வேறு, மோசடி வேறு, பிழை வேறு என்று ஒவ்வொன்றையும் தனித்தனித் தராசில் நிறுத்தறிய வேண்டும் என்று நம் முன்னோர் கருதினர். பெயரிடுவதற்கு முன் உள்ளத்தை ஆராய வேண்டும். ஆராய முடியாதவிடத்து ஐந்து விரலையும் விரித்துக் கணக்கைக் காட்ட வேண்டும், காட்டச் செய்ய வேண்டும். ஊரைவிட்டு வந்து ஒருவர்க்கொருவர் உறவாக வாழும் நமக்கு இது மிகவும் தேவை. இங்கே ஒரு குடும்பம் மனம் நொந்து விலகினால், ஆறுதல் சொல்ல அத்தை வீடும் சித்தப்பா வீடும் அடுத்த தெருவில் இல்லை.

கேள்வி கேட்ட அச்சிறுவனுக்கு என் விடை இதுதான்: “தம்பி, அவையெல்லாம் ஒன்றல்ல. அவற்றுள் எதையேனும் ஒருவர்மேல் சொல்லும் முன், உன் பட்டியலை நீயே ஒருமுறை சரிபார்.”

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!